தோள் எலும்புகளையும் மூட்டுகளையும் கற்கத் தொடங்குவது எப்படி: மும்பையில் முதலாண்டு படிப்போருக்கு

பிசியோதெரபி, நர்சிங், யோகாசன ஆசிரியர் பயிற்சி, உடற்பயிற்சிக்கூடப் பயிற்றுநர் சான்றிதழ் என்று எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் எலும்புகளின் பாடம் தொடக்கத்திலேயே வந்துவிடும். கையைப் பற்றிய பாடமோ தோளிலிருந்துதான் தொடங்கும். தாராவியிலோ சயானிலோ மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு இத்தகைய வகுப்புக்குச் செல்பவர் பாடத்தை ஆங்கிலத்திலும் நோயாளியின் குறையை மராத்தியிலும் இந்தியிலும் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு நடுவே லத்தீன் பெயர்களும் வந்து குவியும்போது பெரும்பாலானோர் செய்வது ஒன்றே: பட்டியலை மனப்பாடம் செய்வது. அப்படிச் செய்தவர் எழுத்துத் தேர்வில் தப்பிவிடலாம். எலும்பைக் கையில் கொடுத்து வலமா இடமா என்று கேட்கும் வாய்மொழித் தேர்வில் தடுமாறிவிடுவார்.

தோள் என்பது ஒரே மூட்டு அன்று என்பதையும், தோள்பட்டை எலும்பு தானே நகரும் ஒரு மேடை என்பதையும் முதலில் பிடித்துக்கொண்டால் மற்றவை யாவும் அதைச் சுற்றி வந்து அமர்ந்துகொள்ளும். ஆகவே இங்கே சொல்லப்படும் வரிசை பாடநூல்களின் வரிசையிலிருந்து சற்று மாறுபடும். முதலில் உயிருள்ள உடலில் தொட்டு அறிய வேண்டும், அடுத்து எலும்பைக் கையில் எடுக்க வேண்டும், பிறகு மூட்டுகள், அசைவு, கடைசியில் எக்ஸ்ரே.

தேவைப்படும் பொருள்கள்

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் உடற்கூறியல் படநூல்கள் கிடைக்கும். எலும்புகளைப் பொறுத்தவரை பழைய பதிப்பு போதும். தோள்பட்டை எலும்பின் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. மேற்கைப் பகுதிப் படத்தாள்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று மட்டும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். கூடவே உண்மையான அளவில் செய்யப்பட்ட பிளாஸ்டிக் எலும்புகள் மூன்று வேண்டும்: காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, மேற்கை எலும்பு. மூன்றும் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவற்றைப் பொருத்திப் பார்க்க முடியாது.

மூத்த மாணவர்களிடமிருந்து கைமாறி வரும் 'போன் செட்' சில சமயம் உண்மையான மனித எலும்பாக இருக்கும். ஒரு காலத்தில் உலகின் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் இந்தியாவிலிருந்தே சென்றன. 1985இல் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. உண்மையான எலும்பைக் கல்லூரியிலேயே, ஆசிரியரின் கண்காணிப்பில் பார்ப்பதுதான் முறை. ஒற்றை அறை வீட்டில் அதைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு பாட்டிக்குப் பதில் சொல்வதைவிட பிளாஸ்டிக் எவ்வளவோ மேல்.

இவை தவிர ஒரு கண்ணாடியும், கழுவினால் போய்விடும் கண்மைப் பென்சிலும், முதுகைக் காட்டிச் சிறிது நேரம் உட்காரச் சம்மதிக்கும் தம்பியோ தங்கையோ தோழரோ வேண்டும். தொடுவதற்கு முன் எங்கே தொடப்போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்கும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள். நாளை மருத்துவமனையில் மொழி தெரியாத நோயாளி முன் நிற்கும்போது இந்தப் பழக்கம்தான் முதலில் உதவும்.

தொட்டு அறிதல்

கண்ணாடி முன் நின்று, கழுத்தின் அடியில் நடுவே உள்ள பள்ளத்தில் ஆள்காட்டி விரலை வையுங்கள். அது மார்பெலும்பின் மேல் விளிம்பு. அங்கிருந்து விரலை வெளிப்புறமாக நகர்த்தினால் உடனே ஒரு குமிழ் தட்டுப்படும். அதுவே காறை எலும்பின் உள்முனை. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு தோளை மேலே தூக்கி இறக்குங்கள், முன்னும் பின்னும் கொண்டுசெல்லுங்கள். விரலுக்கடியில் எலும்பு அசைவது தெரியும். கை முழுவதும் உடம்போடு மூட்டாக இணைந்திருப்பது இந்தச் சிறிய இடத்தில் மட்டுந்தான் என்பதை நம்புவதற்குச் சிலருக்குச் சில நாள் ஆகும்.

காறை எலும்பு முழு நீளத்துக்கும் தோலுக்கு அடியிலேயே இருப்பதால் விரலை எடுக்காமல் அதன்மீதே நகர முடியும். உட்புற மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கிப் புடைத்தும், வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு பின்னோக்கிக் குழிந்தும் இருப்பதை விரலே சொல்லிவிடும். கடைசியில் ஒரு சிறு படி போன்ற ஏற்றத்தாழ்வு தட்டுப்படும். அது காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேரும் அக்ரோமியோகிளாவிகுலர் மூட்டு. அதைத் தாண்டினால் வரும் தட்டையான, அகலமான எலும்புப் பரப்புக்கு அக்ரோமியன் என்று பெயர். பலர் இதைத் தனி எலும்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள், ஆனால் இது முதுகிலிருந்து நீண்டு வந்த தோள்பட்டை எலும்பின் நுனியே.

இப்போது துணைக்கு வந்தவரின் முதுகுப் பக்கம் செல்லுங்கள். அக்ரோமியனின் பின்மூலையில் விரலை வைத்து உட்புறமாக வந்தால் ஒரு மேடு சற்றுச் சாய்வாக முதுகெலும்பை நோக்கிச் செல்லும். இதற்கு ஸ்பைன் என்று பெயர். அது முடியும் இடம் ஏறத்தாழ மூன்றாவது மார்பு முள்ளெலும்பின் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து உள்விளிம்பைப் பிடித்துக் கீழே இறங்கினால் கீழ்க்கோணம் வரும். கை தளர்வாகத் தொங்கும்போது அது ஏழாவது மார்பு முள்ளெலும்பின் உயரத்தில் இருக்கும். உள்விளிம்பு சரியாகத் தெரியாவிட்டால் அவரைப் புறங்கையை இடுப்புக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள், அது தானாகவே மேலெழும். கண்மைப் பென்சிலால் முக்கோணத்தை வரைந்துகொண்டு, பிறகு கையை மெல்லத் தலைக்கு மேல் உயர்த்தச் சொல்லுங்கள். வரைந்த கோடு தோலில் நின்ற இடத்திலேயே நிற்க, எலும்பின் கீழ்க்கோணம் கோட்டைவிட்டு வெளிப்புறமாக விலகிப் போவதைக் காண்பீர்கள். மேடை நகர்கிறது என்று முன்பு சொன்னதன் பொருள் இதுதான்.

முன்புறத்தில் இன்னும் ஓர் இடம் உண்டு. காறை எலும்பின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு தொடங்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 2.5 செ.மீ. கீழே, சற்று ஆழமாக அழுத்தினால் கடினமான ஒரு முனை தட்டுப்படும். அழுத்தினால் பலருக்கு அது இயல்பாகவே லேசாக வலிக்கும். இது கோரக்காய்டு முனை. அதற்கும் மேற்கை எலும்புக்கும் குழப்பம் வந்தால் ஓர் எளிய சோதனை செய்யலாம். முழங்கையை மடக்கி முன்கையை உள்ளும் வெளியும் திருப்பச் சொல்லுங்கள். விரலுக்கடியில் உருள்வது மேற்கை எலும்பு, அசையாமல் நிற்பது கோரக்காய்டு.

எலும்பைக் கையில் எடுத்தல்: தோள்பட்டை எலும்பு

வகுப்பில் ஸ்கேபுலா என்று வழங்கும் இந்த எலும்புக்கு மற்ற இரண்டையும் சேர்த்துத் தரும் நேரத்தைவிட அதிக நேரம் கொடுங்கள். இது இரண்டாவது விலா எலும்பிலிருந்து ஏழாவது விலா எலும்பு வரை பின்மார்பை மூடிக்கிடக்கும் ஒரு முக்கோணம். விளிம்புகள் மூன்று, கோணங்கள் மூன்று, பரப்புகள் இரண்டு. ஸ்பைன், அக்ரோமியன், கோரக்காய்டு என நீட்சிகளும் மூன்று.

பக்கத்தைக் கண்டறிய மூன்று குறிகளை ஒன்றாகப் பிடிக்க வேண்டும். கூர்மையான கீழ்க்கோணம் கீழே இருக்க வேண்டும், ஸ்பைன் எழுந்து நிற்கும் பரப்பு பின்னால் இருக்க வேண்டும், கிளினாய்டு என்னும் ஆழமற்ற குழி வெளிப்புறத்தைப் பார்க்க வேண்டும். மூன்றும் பொருந்தும்படி பிடித்தபின், அதை உங்கள் முதுகுப் பக்கத்தில் எந்தத் தோளில் வைத்தால் குழி வெளியே பார்க்கிறதோ அந்தப் பக்கத்து எலும்பு அது. கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் மட்டும் இதைச் சொல்ல முடியும்வரை பழகுங்கள். பெயர்களை எழுதி ஒட்டிய பிளாஸ்டிக் எலும்பு இந்தப் பயிற்சிக்குப் பயன்படாது, அதனால் ஒட்டாமல் விடுங்கள்.

அடுத்து, அதைப் பிடிக்கும் கோணம். படநூலில் தோள்பட்டை எலும்பு தாளுக்கு இணையாகத் தட்டையாகக் கிடக்கும். உடலில் அது அப்படி இல்லை. விலா எலும்புக்கூட்டின் வளைவின்மீது படுத்திருப்பதால் அதன் தளம் முன்னோக்கி 30 முதல் 40 பாகை வரை திரும்பியிருக்கிறது. கையை நேர்ப் பக்கவாட்டில் உயர்த்துவதைவிடச் சற்று முன்னோக்கிச் சாய்த்து உயர்த்துவது எளிதாக இருப்பதற்கும், உடற்பயிற்சிக்கூடத்தில் பளுவைப் பக்கவாட்டில் தூக்கும்போது கையைச் சற்று முன்னே கொண்டுவரச் சொல்வதற்கும் காரணம் இதுவே.

தசைகளின் ஒட்டிடங்கள் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே சிவப்பு நீல வண்ணம் தீட்டிப் படிப்பது வீண் உழைப்பு என்பது என் கருத்து. இந்த எலும்பில் மட்டும் பதினேழு தசைகள் ஒட்டுவதாகப் பாடநூல்கள் கணக்கிடுகின்றன. இப்போதைக்கு நான்கு போதும். ஸ்பைனுக்கு மேலுள்ள பள்ளத்திலிருந்து சுப்ராஸ்பைனேட்டஸ், கீழுள்ள பள்ளத்திலிருந்து இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், வெளிவிளிம்பிலிருந்து டெரிஸ் மைனர், விலா எலும்புகளைப் பார்த்த முன்பரப்பிலிருந்து சப்ஸ்கேபுலாரிஸ் ஆகியவை புறப்பட்டு மேற்கை எலும்பின் தலையைச் சுற்றிப் பிடிக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்று எங்கும் கேட்கப்போகும் பெயர் இந்த நான்கையும் சேர்த்தே குறிக்கிறது.

மேல்விளிம்பில், கோரக்காய்டின் அடிப்பகுதிக்கு அருகே ஒரு வெட்டு இருக்கும். உயிருள்ள உடலில் அதன்மேல் ஓர் இணைப்பு நார் கட்டப்பட்டு அது துளையாகிவிடுகிறது. துளைக்குள் சுப்ராஸ்கேபுலர் நரம்பும் நாருக்கு மேலாக அதே பெயருடைய தமனியும் செல்கின்றன. 'நரம்பு கீழே நுழையும், தமனி மேலே தாவும்' என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

காறை எலும்பும் மேற்கை எலும்பும்

காறை எலும்பின் பக்கத்தைக் கண்டறிவதில் மாணவர் தவறுவது மேல்பரப்பையும் கீழ்ப்பரப்பையும் மாற்றிப் பிடிப்பதால்தான். தட்டையான முனை வெளிப்புறம், பருத்த முனை உட்புறம், பருத்த முனையை ஒட்டிய வளைவு முன்னோக்கிப் புடைத்திருக்க வேண்டும் என்பவை எளிதில் வந்துவிடும். வழுவழுப்பான பரப்பு மேலே, பள்ளமும் சொரசொரப்பும் உள்ள பரப்பு கீழே என்பதையும் சேர்த்துக்கொண்டால் தவறு வராது. கீழ்ப்பரப்பின் வெளிப்புறப் பகுதியில் உள்ள புடைப்பில்தான், காறை எலும்பைக் கோரக்காய்டோடு கட்டிவைக்கும் வலுவான நார் ஒட்டுகிறது.

கருவில் எலும்பாக மாறத் தொடங்குவதில் காறை எலும்பே முதலாவது. ஐந்தாவது ஆறாவது வாரத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. ஆயினும் அதன் உள்முனை முழுமையாக இணைவது இருபதுகளின் நடுப்பகுதியில்தான், உடலின் நீண்ட எலும்புகளில் கடைசியாக. வயதை மதிப்பிட வேண்டிய சட்ட மருத்துவ வழக்குகளில் இந்த முனையைப் படமெடுத்துப் பார்ப்பது இதனால்தான். கையின் சுமையை உடம்புக்குக் கடத்தும் எலும்பாகையால், கையை ஊன்றி விழுந்தாலோ தோள் தரையில் மோதினாலோ இரண்டு வளைவுகளும் சந்திக்கும் இடத்தை ஒட்டி இது முறிகிறது. அப்போது கழுத்துத் தசை உள்துண்டை மேலே இழுக்க, கையின் எடை வெளித்துண்டைக் கீழே இறக்கிவிடும். நோயாளி மற்றொரு கையால் அடிபட்ட கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவது அதனாலேயே.

மேற்கை எலும்பில் தோளுக்கு வேண்டியது மேல்முனை மட்டும். கோளத்தின் மூன்றில் ஒரு பங்கு போன்ற அதன் தலை மேலும் உள்ளும் பின்னும் நோக்கியிருக்கும். வெளிப்புறத்தில் பெரிய புடைப்பும், முன்புறத்தில் சிறிய புடைப்பும், இரண்டுக்கும் நடுவே பைசெப்ஸ் தசையின் நீண்ட தசைநாண் ஓடும் பள்ளமும் உண்டு. முன்பு சொன்ன நான்கு தசைகளில் முதல் மூன்றும் மேலிருந்து கீழாக அதே வரிசையில் பெரிய புடைப்பில் ஒட்டுகின்றன, சப்ஸ்கேபுலாரிஸ் மட்டும் சிறிய புடைப்பில். தலையை ஒட்டிய சிறு இடுக்கு உடற்கூற்றுக் கழுத்து, புடைப்புகளுக்குக் கீழே எலும்பு ஒடுங்கும் இடம் அறுவைக் கழுத்து. அடிக்கடி முறிவது பின்னதுதான். அதைச் சுற்றியே ஆக்ஸிலரி நரம்பு செல்கிறது.

நான்கு மூட்டுகள்

இப்போது மூன்று எலும்புகளையும் மேசைமேல் பொருத்திப் பாருங்கள். மார்பெலும்போடு காறை எலும்பு சேருமிடம் ஸ்டெர்னோகிளாவிகுலர் மூட்டு. சேண வகையைச் சேர்ந்த இதனுள்ளே ஒரு குருத்துத் தட்டு இருக்கிறது. நார்களின் வலுவால் இது அரிதாகவே விலகும்.

அக்ரோமியனோடு காறை எலும்பு சேரும் மூட்டு வழுக்கு வகை. இதன் மூட்டுறை மெல்லியது. மூட்டைக் காப்பாற்றுவது அருகிலுள்ள கோரக்காய்டிலிருந்து மேலேறும் நார்தான். கபடி ஆடுகளத்தில் தோள் தரையில் இடித்து அந்த நார் அறுந்துவிட்டால் காறை எலும்பின் முனை மேலே தூக்கிக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும். உண்மையில் எலும்பு மேலே போகவில்லை. அதன் பிடியிலிருந்து விடுபட்ட தோள்பட்டை கையின் எடையோடு கீழே இறங்கிவிட்டது. இதை ஒருமுறை புரிந்துகொண்டால் அந்த மூட்டின் அமைப்பையே மறக்க மாட்டீர்கள்.

மக்கள் தோள்மூட்டு என்று சொல்வது மூன்றாவதைத்தான்: மேற்கை எலும்பின் தலையும் கிளினாய்டு குழியும் சேரும் பந்துக் கிண்ண மூட்டு. கிண்ணம் என்ற பெயர் சற்று மிகை, தேக்கரண்டியின் குழியில் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோன்ற பொருத்தம்தான் இங்கே இருக்கிறது. எந்நேரத்திலும் தலையின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்னும் குருத்து வளையம் அதைச் சற்று ஆழமாக்குகிறது. நான்கு தசைகள் தலையைக் குழியோடு அழுத்திப் பிடிக்கின்றன. கை எல்லாத் திசையிலும் சுழல வேண்டுமென்பதற்காக இந்த மூட்டு உறுதியை விட்டுக்கொடுத்திருக்கிறது. மூட்டுறையின் அடிப்பகுதி தளர்ந்து தொங்குவதும், அதைத் தாங்கத் தசை ஏதும் கீழே இல்லாததும் சேர்ந்து, மூட்டு விலகும்போது தலை பெரும்பாலும் முன்னும் கீழுமாகச் சென்று கோரக்காய்டின் அடியில் போய் நிற்கும். தோளின் உருண்டை வடிவம் போய், அக்ரோமியனுக்குக் கீழே பள்ளம் தெரியும். பயிற்றுநராகப் போகிறவர்கள் இதைப் பார்த்து அடையாளம் காண வேண்டும், இழுத்து உள்ளே தள்ள முயலக் கூடாது. முறிவு உண்டா, ஆக்ஸிலரி நரம்புக்குச் சேதம் உண்டா என்று மருத்துவர் பார்த்த பிறகே அதைச் சரிசெய்ய வேண்டும்.

நான்காவது, தோள்பட்டை எலும்புக்கும் விலா எலும்புக்கூட்டுக்கும் நடுவே உள்ளது. இங்கே மூட்டுறையும் குருத்தும் இல்லை, தசைகளின்மேல் எலும்பு வழுக்கிச் செல்கிறது. ஆகையால் இதை இயக்க அளவில் மட்டுமே மூட்டு என்பார்கள். ஆனாலும் அசைவின் கணக்கில் இதை விட்டுவிட முடியாது.

லோக்கலில் கைப்பிடியைப் பிடிக்கும்போது

ஹார்பர் லைன் வண்டியில் ஏறி மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடிக்கும் பயணி கையை எவ்வாறு உயர்த்துகிறார் என்று பாருங்கள். கையை முழுமையாக 180 பாகை உயர்த்தும்போது ஏறத்தாழ 120 பாகை பந்துக் கிண்ண மூட்டிலும், 60 பாகை தோள்பட்டை எலும்பின் சுழற்சியிலும் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை இன்மன், சாண்டர்ஸ், ஆப்பட் ஆகியோர் 1944இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். அது சராசரிக் கணக்கு. முதல் 30 பாகையில் தோள்பட்டை எலும்பின் பங்கு மிகக் குறைவு, ஆளுக்கு ஆளும் வேறுபடும். தோள்பட்டை எலும்பு சுழல வேண்டுமானால் காறை எலும்பு மேலெழுந்து, பிறகு தன் அச்சில் பின்னோக்கித் திரும்ப வேண்டும். ஆகவே ஒரு கைப்பிடியைப் பிடிக்க நான்கு மூட்டுகளும் வேலை செய்கின்றன.

இன்னொன்றையும் உங்கள் உடலிலேயே சோதிக்கலாம். உள்ளங்கையைப் பின்னோக்கித் திருப்பி, கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு கையைப் பக்கவாட்டில் உயர்த்துங்கள். ஓரளவுக்கு மேல் அது முட்டி நிற்கும். கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையை வெளிப்புறமாகத் திருப்பினால் தடையின்றி மேலே போகும். முதல் முறையில் பெரிய புடைப்பு அக்ரோமியனின் அடியில் போய் இடிக்கிறது, இரண்டாவதில் அது பின்னால் விலகிவிடுகிறது. அந்த இடுக்கில்தான் சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணும் அதற்கு மேல் ஒரு திரவப் பையும் இருக்கின்றன. தலைக்கு மேல் கையை வைத்தே வேலை செய்யும் வண்ணம் பூசுவோருக்கும் பந்து வீசுவோருக்கும் வலி வரும் இடம் பெரும்பாலும் அதுவே.

தோள்பட்டை எலும்பைச் சுழற்றும் தசைகளில் செரேட்டஸ் ஆன்டீரியரின் பெயரை மட்டும் இப்போது குறித்துக்கொள்ளுங்கள். அதன் நரம்பு பாதிக்கப்பட்டவரைச் சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளச் சொன்னால், தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு முதுகிலிருந்து விலகித் துருத்திக்கொண்டு நிற்கும்.

எக்ஸ்ரேயைப் படிக்கத் தொடங்குதல்

முன்னிருந்து எடுத்த இயல்பான வயதுவந்தோர் படம் ஒன்றைக் கொண்டு தொடங்குங்கள். காறை எலும்பின் அடிவிளிம்பும் அக்ரோமியனின் அடிவிளிம்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு தலைக்கும் கிளினாய்டுக்கும் உள்ள இடைவெளி, அடுத்துப் பெரிய புடைப்பு. கை வெளிப்புறம் திரும்பியிருந்தால் புடைப்பு ஓரத்தில் தெளிவாகத் தெரியும், உள்ளே திரும்பியிருந்தால் தலை மின்விளக்கின் குமிழ்போல உருண்டையாகத் தெரியும். வலிப்புக்கோ மின்தாக்குதலுக்கோ பிறகு தோள்மூட்டு பின்புறமாக விலகியவர்களின் படத்திலும் தலை இப்படியே உருண்டையாகத் தெரிவதால், ஒரே கோணத்துப் படத்தை நம்பினால் அது கண்ணில் படாமல் போய்விடும். அக்குள் வழியாக எடுத்த இரண்டாவது படம் வேண்டும்.

குழந்தைகளின் படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறத்தாழ 80 விழுக்காடு மேல்முனையிலுள்ள வளர்ச்சித் தட்டிலிருந்தே வருகிறது; அந்தத் தட்டு படத்தில் கருங்கோடாகத் தெரியும், புதியவர் அதை முறிவு என்று எழுதிவிடுவார். அக்ரோமியன் நுனியிலும் கோரக்காய்டிலும் எலும்பாக மாறத் தொடங்கும் தனித்தனி மையங்கள் உள்ளன. அக்ரோமியன் மையம் சிலருக்கு வளர்ந்த பிறகும் இணையாமலேயே நின்றுவிடும். அத்தகைய படம் கையில் வந்தால் மறுபக்கத் தோளின் படத்தையும் கேட்டு வாங்கி இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.